ஜூன் மாத டைம்டேபிள் ஆடிக்குள் ஏன் கிழிகிறது? சேலம் மாணவர்களுக்கு ஒரு பழக்கக் கையேடு

கல்லூரி திறந்த வாரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டப்படும் டைம்டேபிள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். காலை 4.30 எழுதல், 4.45 முதல் 6 வரை படிப்பு, 6 முதல் 6.30 வரை உடற்பயிற்சி. ஆடி பிறப்பதற்குள் தாள் கிழிந்துவிடும். பிள்ளைக்குச் சோம்பல் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்வார்கள். தாளை எடுத்துப் பாருங்கள்: ஓமலூரிலிருந்து வரும் பஸ் அதில் இருக்காது, தண்ணீர் விடும் நாள் இருக்காது, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் இருக்காது, இரவு பத்தரைக்கு வேலை முடித்து வரும் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கும் நேரம் இருக்காது. வேறு யாருடைய நாளுக்கோ போட்ட திட்டம் அது.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழகிவிடும் என்ற பேச்சையும் இங்கேயே விட்டுவிடலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே கைக்கு வரும் நிலையை அடைய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று அவர்கள் கணக்குக் காட்டியது. நடு அளவு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற சின்னக் காரியங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை. ஆகவே ஜூன் நடுவில் தொடங்கும் ஒருவர் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரையாவது பொறுக்க வேண்டும்.

எதோடு சேர்த்துக் கட்டுவது

புதுப் பழக்கத்தை மணியோடு கட்டினால், பஸ் இருபது நிமிடம் தாமதமான நாளில் எல்லாமே சரிந்துபோகும். தினமும் எப்படியும் நடந்தே தீரும் ஒரு காரியத்தோடு கட்டினால் பஸ் எப்போது வந்தாலும் பழக்கம் நிற்கும். பஸ் தாமதமாகலாம், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே போவதில்லை.

மூன்று நாள், நீங்கள் முயற்சி எடுக்காமலே நடப்பவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல் தேய்ப்பது, முதல் டீ, ஸ்டாப்பில் காத்திருப்பது, பஸ்ஸில் இடம் கிடைத்து உட்காருவது, டிபன் பாக்ஸைத் திறப்பது, வீடு வந்து முகம் கழுவுவது, இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது. பெரும்பாலானவர்களுக்கு இப்படி எட்டுப் பத்துக் காரியம் தேறும். அவற்றில் அவசரத்துக்கு நடுவே வருபவற்றை அடித்துவிடுங்கள். காலையில் பல் தேய்த்ததும் பத்து நிமிடம் தியானம் என்று எழுதினால், 7.10க்குக் காலேஜ் பஸ் பிடிக்க வேண்டிய வீட்டில் அது மூன்று நாள்கூட ஓடாது. செய்து முடித்ததும் கொஞ்சம் மூச்சு விட நேரமுள்ள காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் முகம் கழுவித் துடைக்கிற நேரம் பலருக்குப் பொருந்தும்.

பிறகு ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எதற்குப் பின், எங்கே, என்ன, எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். “தினமும் நன்றாகப் படிப்பேன்” என்பதில் நான்கில் ஒன்றுகூட இல்லை. “முகம் கழுவித் துடைத்ததும், ஜன்னல் ஓரப் பாயில் உட்கார்ந்து, இன்று நடந்த ஒரு பாடத்தை நோட்டைப் பார்க்காமல் ஐந்து வரி எழுதுவேன்” என்பதில் நான்கும் இருக்கின்றன.

அளவுதான் பலரும் கோட்டை விடும் இடம். உற்சாகமாக இருக்கும் நாளை வைத்து அளவு போடாதீர்கள். தலைவலியோடு, மழையில் நனைந்து, பஸ்ஸில் கடைசிவரை நின்றுகொண்டே வந்த நாளில் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் அளவு. அது பெரும்பாலும் இரண்டு நிமிட வேலையாக இருக்கும். தெம்புள்ள நாளில் ஐம்பது நிமிடம் உட்காருங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. காலண்டரில் டிக் போட இரண்டு நிமிடமே போதும்.

ஒரே நேரத்தில் ஒரு பழக்கம். அது இரண்டு மூன்று வாரம் தள்ளாடாமல் ஓடிய பிறகு அடுத்தது. முதலில் எதைத் தொடங்குவது என்று கேட்டால், எங்கள் பதில் எழும் நேரம். மற்றவை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

எழும் நேரமும் தூக்கமும்

13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அதற்கு மேற்பட்ட வயதில் குறைந்தது 7 மணி நேரம். இரவு 12 வரை விழித்து 4.30க்கு எழும் பிள்ளையைத் தெருவே மெச்சும். ஆனால் அந்தப் பிள்ளை தூங்குவது நாலரை மணி நேரம். படித்தது நினைவில் பதியும் வேலையில் முக்கியமான ஒரு பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பவர் படித்ததையே வெட்டிக்கொள்கிறார்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கொண்டலாம்பட்டியில் 7.10க்குப் பஸ் என்றால் 6 மணிக்கு எழ வேண்டும். பிளஸ் டூ மாணவருக்கு எட்டு மணி நேரம் வேண்டுமானால் இரவு 10க்குக் கண் மூடியிருக்க வேண்டும், 9.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். இது முடியாது என்று உடனே தோன்றும். பதினாறு, பதினேழு வயதில் உடலின் உள் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு 9.30க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது அடம் பிடிப்பதாக ஆகாது. அதனால் இரவில் மல்லுக்கட்டுவதை விட்டு, காலையிலிருந்து சரிசெய்ய வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். எழுந்த அரை மணிக்குள் வெளி வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் இருங்கள். மொட்டை மாடியோ வாசலோ பஸ் ஸ்டாப்போ, எதுவானாலும் சரி. காலை வெளிச்சம் உள் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், இரவில் தூக்கம் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய காலையிலும் வெளியே உள்ள வெளிச்சம் அறையின் டியூப் லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே நேரத்தை மட்டும் அரை மணியாக நீட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எதிரி. அன்று 10 மணிவரை தூங்கினால் இரவு 1 மணிவரை தூக்கம் வராது, திங்கள் காலை உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும், புதன்வரை அது தீராது. ஞாயிறன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். இப்போது இரவு 1 மணிக்குத் தூங்குபவர் நாளைக்கே 10க்குப் படுத்தால் புரண்டு புரண்டு கடைசியில் போனைத்தான் எடுப்பார். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவருவது போதும்.

விடியாத நேரத்தில் தண்ணீர் வரும் தெருக்களில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குடம் நிரப்பும் பொறுப்பைப் படிக்கிற பெண்ணின் தலையில் மட்டும் போடாமல், வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கும் கை இருக்கிறது. முறை வந்த நாளில் மதியம் 20 நிமிடம் கண்ணயரலாம். அலாரம் வைத்தே படுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது தலை கனக்கும். நாலு மணிக்குப் பிறகு படுத்தால் இரவுத் தூக்கம் போய்விடும்.

காபி. சேர்வராயன் மலைச் சரிவில் 1820களிலிருந்து காபி விளைகிறது, அடிவாரத்தில் இருப்பவர்களிடம் அதை விடச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் குடித்த காபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியின் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கடைசிக் காபியும் டீயும் 4 மணிக்குள் முடியட்டும்.

போனைப் பற்றி அறிவுரை சொல்லி இதுவரை யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை. சார்ஜரின் இடத்தை மாற்றினால் பலன் உண்டு. படுத்துக்கொண்டே கை நீட்டினால் எட்டாத இடத்தில் சார்ஜர் இருக்கட்டும்: டிவி அலமாரி, ஃபிரிட்ஜ் மேல், சமையலறை மேடை. “இரவுத் தட்டைக் கழுவி வைத்ததும் போனைச் சார்ஜில் போடுவேன்” என்பது வாக்கியம். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பது வழக்கமான சாக்கு. அதற்கு ஒரு டேபிள் கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் பகல் சூடு நள்ளிரவுவரை இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பது, இரவு ஜன்னலைத் திறப்பது, படுக்கும் முன் குளிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும் நாட்கள் உண்டு.

பஸ்ஸிலும் தறிச் சத்தத்திலும் படிப்பது

மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது படித்த உணர்வைத் தரும், அவ்வளவுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை இரு விதமாகப் படிக்கவைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

செய்முறை எளிது. நோட்டை மூடுங்கள். நினைவில் உள்ளதை எழுதுங்கள். திறந்து பார்த்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் சிவப்பு வரிகளை மட்டும் முதலில் எழுதுங்கள், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள். சிவப்பு அதிகமாக இருந்தால் பயப்படாதீர்கள்; முதல் வாரத்தில் பக்கம் முழுதும் சிவப்பாகத்தான் இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் மனம் விட்டு மார்க்கருக்குத் திரும்புகிறார்கள்.

ஆத்தூர், ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் வாசிக்கலாம். ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். எழுத்தைப் பார்க்கும் கண் உடம்பு அசையவில்லை என்கிறது, உள்காது சுழல்கிறோம் என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். ஜன்னல் வழியே தூரத்தைப் பார்த்துக்கொண்டு நேற்றைய பாடத்தின் தலைப்புகளை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அல்லது கேள்வி மட்டும் உங்கள் குரலில் பதிவுசெய்து, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் பத்து விநாடி மௌனம் விட்டு, இயர்போனில் கேளுங்கள்.

அம்மாபேட்டை, குகை, இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் சத்தத்தை மறைக்கப் பாட்டை இன்னும் சத்தமாக வைப்பது காதுக்குக் கேடு. தறி ஓடும்போது கணக்கு, ரெக்கார்டு நோட்டு, படம் வரைதல் போன்ற கை வேலைகளை வைத்துக்கொண்டு, மனப்பாடத்தைத் தறி நிற்கும் இடைவேளைக்குத் தள்ளுங்கள்.

வயிறு

காலைச் சாப்பாட்டை விடுவதற்கு முக்கியக் காரணம் பசியின்மை இல்லை, நேரம் இல்லாததுதான். முந்தின இரவே ராகிக் கூழ் காய்ச்சி வைத்தால் காலையில் மூன்று நிமிடத்தில் முடியும். ஒருவருக்கு 30 கிராம் மாவு, அதாவது குவித்து மூன்று மேசைக்கரண்டி. அதை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, ஒன்றரை டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கிளறுங்கள். உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மாவாகவே நின்று கட்டி தட்டும். பச்சை வாசனை போய், கை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி மூடி வையுங்கள். காலையில் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் ஆயிற்று. இதில் சுமார் 100 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து மாவிலிருந்தே வரும்.

புரதம் அடுத்தது. ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு, 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 42 கிராம். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 30 கிராம் நிலக்கடலை, அதாவது நிறைந்த ஒரு கைப்பிடி, 7 கிராம் தரும். ஒரு முட்டை 6 கிராம். வறுத்த கடலையை டப்பாவில் போட்டுப் பையில் வைத்து, கடைசி வகுப்பு முடிந்ததும் சாப்பிடுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்து மணிக்குக் கொலைப்பசியோடு வண்டிக்கடை முன் நின்றால் இரண்டு தட்டுவடை செட்டும் ஒரு நொறுக்கலும் உள்ளே போய்விடும், இரவுச் சாப்பாடு 10 மணிக்குத் தள்ளிப் போகும், அதன் பின் தூக்கமும். கடலை தின்றவர் ஒரு செட்டோடு நிறுத்திக்கொள்வார். தட்டுவடை செட்டையே விடச் சொன்னால் சேலத்தில் இந்தக் கையேட்டை யாரும் மதிக்கப்போவதில்லை. வாரம் இரண்டு நாள் என்பது நியாயமான கணக்கு.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு டீ குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

தண்ணீர் குடிக்காத மாணவிகளுக்கு மறதி காரணமல்ல, கல்லூரிக் கழிப்பறைதான் காரணம். காலை 7 முதல் மாலை 5 வரை அடக்கிக்கொண்டு, நாலு மணித் தலைவலியோடும் நீர்க்கடுப்போடும் இருப்பவர்கள் ஏராளம். இதற்குப் பழக்கம் மருந்தாகாது. வகுப்பே சேர்ந்து கையெழுத்துப் போட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். அதோடு, ஒரு லிட்டர் பாட்டிலில் பாதியை மதியத்துக்குள்ளும் மீதியை வீடு சேருமுன்னும் முடித்துவிடுங்கள். சேலத்துக் கோடையில் இன்னும் ஒரு லிட்டர் கூட்ட வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடித்திருக்கிறீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; குளிரில் தாகம் தெரியாது, அதனால் அங்கே நிறத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

நடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. இறங்கும் இடத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி, போக 15, வர 15 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தால் ஐந்து நாளில் அது முடிந்துவிடும். 18க்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அவர்களுக்கு விளையாட்டே சரி. கோடையில் 7க்கு முன் அல்லது 5.30க்குப் பின்.

எங்கே உடையும்

மாதக் காலண்டரில் பென்சிலால் ஒரு டிக் போதும். தொடர் நாட்களை எண்ணிக் காட்டும் ஆப்கள் நாற்பதாவது நாள் ஒன்று விட்டதும் பூஜ்யத்தைக் காட்டி மனதை ஒடித்துவிடும். ஒரே விதி: இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாதீர்கள்.

தொடர்ந்து விட்டுப்போகிறது என்றால் வாக்கியத்தைத்தான் திருத்த வேண்டும். பாதி நாள் நினைவுக்கே வரவில்லை என்றால் கட்டிய காரியம் தவறு, வேறொன்றோடு கட்டுங்கள். நினைவு வந்தும் செய்ய மனம் வரவில்லை என்றால் அளவு பெரிது, பாதியாக்குங்கள். விடுமுறையில் மட்டும் நின்றுபோகிறது என்றால் பஸ்ஸோடு கட்டியிருக்கிறீர்கள். லீவு நாளில் பஸ் ஏது? அதற்கு மட்டும் காலை டீயோடு கட்டிய இன்னொரு வாக்கியம் வேண்டும்.

ஆடியை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை மாரியம்மன் கோவிலிலிருந்து தெருமுனைக் கோவில்வரை திருவிழா நடக்கும் நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாரும் 10 மணிக்குத் தூங்கப்போவதில்லை. அந்த வாரங்களில் புதிதாக எதையும் தொடங்காமல், இருப்பதை இரண்டு நிமிட அளவில் ஓட்டினால் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே பிடிக்காமல், எதிலும் விருப்பமில்லாமல், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் டைம்டேபிளைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

செமஸ்டர் தேர்வு வாரத்தில் எழும் நேரம், காலைக் கூழ், 4 மணிக்குள் கடைசிக் காபி என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்திவிடலாம். முந்தின இரவு முழுக்க விழிப்பவருக்குத் தேர்வு அறையில் தெரிந்த விடையே நாக்கு நுனியில் நின்றுவிடும். 11 மணிக்கு நோட்டை மூடிவிட்டு, சிவப்பு வரிகளை மட்டும் காலையில் பாருங்கள். தேர்வு முடிந்த மறுநாள் தூங்கித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த நாள் மாலை, முகம் துடைத்த கையோடு, ஐந்து வரியிலிருந்து மறுபடி தொடங்கலாம். விட்ட இடத்தின் ஐம்பது நிமிடத்துக்கு உடனே தாவினால் மூன்றாம் நாளே நின்றுவிடும்.